சரோஜினிதேவியின் கண்கள்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நாளும் நேரமும் எழுதி வைத்திருக்கிறேன். நம்பாவிட்டால் விடுங்கள், நான் சண்டைக்கு வரப் போவதில்லை. ஆனால் பேய் என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் மல்லிகை வாசமும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துதான் போவீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு மொட்டை மாடியில், தலைக்கு நேரே வெயில் எரித்துக்கொண்டிருந்தபோது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பயந்தவளும் நான்தான், பிழை செய்தவளும் நான்தான். பயம் இப்போது கொஞ்சம் குறைந்துவிட்டது. வெட்கம் குறையவில்லை.

என் பெயர் துஷாந்தினி. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், சின்ன ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். அடையாள அட்டைப் படம், விசாப் படம், பிறந்தநாள் என்று அன்றாடம் வருகிற வேலைகள் ஒரு பக்கம். எனக்குப் பிடித்த வேலை வேறு. அது கையால் அச்சிடும் நிறப்படம்.

முறையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்றாகப் பிரிப்பேன். ஒவ்வொன்றையும் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் நெகட்டிவ்வாக எடுப்பேன். டிஜிட்டல் வேலை அதோடு முடிந்தது. பிறகு நூறு வருஷத்துக்கு முந்திய வேலை. பிசினில் வாட்டர்கலரைக் குழைத்து, வெளிச்சம் பட்டால் இறுகிற மருந்தைச் சேர்த்து, தடித்த காகிதத்தில் பூசுவேன். காய்ந்ததும் மேலே நெகட்டிவ்வை வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் வைப்பேன். வெயில் பட்ட இடத்தில் நிறம் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். படாத இடத்தில் தண்ணீரோடு கரைந்து போகும். ஒரு நாளைக்கு ஒரு நிறம்தான். மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் பொருந்தினால், மூன்றாம் நாள் மத்தியானம் அந்த ஆள் காகிதத்துக்குள்ளே உயிரோடு இருப்பார்.

செத்த வீட்டுக்காரர் விரும்பிக் கேட்கிற படம் இது. நூறு வருஷம் போனாலும் மங்காது என்று நானே பெருமையடித்துத் திரிந்தேன். வாய்க்கொழுப்பு.

போன வருஷம் மார்ச் மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து சாம்பவி வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். தாய் சரோஜினிதேவி செத்து மூன்று கிழமை. தாயும் மகளுமாக இருந்த வீடு அது. அடுத்த வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள். மாலை போட்டு விளக்கு வைக்கப் படம் வேண்டும். ஆனால் படம் இல்லை. பழைய ஆல்பங்கள் யுத்தத்தில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்ததோடு போய்விட்டன. அடையாள அட்டைக்குள் தண்ணீர் போய் முகம் உரிந்திருந்தது. மற்றப்படி அந்த மனுசி கேமராவைக் கண்டாலே கையால் முகத்தை மறைக்கிறவவாம். கடைசியில் இருந்தது ஒன்றே ஒன்று. செத்த வீட்டில், பெட்டிக்குள் கிடத்தி எடுத்த படம். முகம் தெளிவாக இருந்தது. கண் மூடியிருந்தது.

“அக்கா, அம்மா என்னைப் பாக்கிற மாதிரி வேணும். கண்ணைத் திறந்து விடுங்கோ. ஏலுமோ?”

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். நான் ஓம் என்றேன்.

கம்ப்யூட்டரைக் கொண்டே கண் செய்து பார்த்தேன். பொம்மைக் கண்ணாக வந்தது. கையால் வரைந்தேன், அதுவும் சரிவரவில்லை. அந்த வயதுக்கு, அந்த இமைக்கு, அந்தச் சுருக்கத்துக்கு உண்மையான கண் வேண்டும். என் கம்ப்யூட்டரில் ‘பிறகு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பிறகு அழிக்கலாம் என்று தள்ளிவைத்த படங்கள். அதைத் திறந்தேன். அரை மணித்தியாலத்தில் கண் கிடைத்தது.

லுத்பியா ராத்தாவின் கண்.

ஜனவரியில் வந்த முஸ்லிம் அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பத்தெட்டு வயது, இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. கறுப்பு அபாயா, முகத்தில் கறுப்பு மாஸ்க். மக்காவுக்கு உம்ராப் பயணம் போகப் படம் எடுக்க வேண்டும், நான் பெண் என்பதால் என்னிடம் வந்தார். கதவைப் பூட்டச் சொன்னார். திரையை இழுக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மாஸ்க்கைக் கழற்றினார். படங்களை உறையில் போட்டுக் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, அல்லாவுக்காக, இந்தப் படத்த கம்ப்யூட்டர்ல வெச்சிக்க வாணாம். அழிச்சிருங்க.”

“ஓம் ராத்தா. இப்பவே அழிக்கிறன்.”

அழிக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாளைக்கு வந்து இன்னும் நாலு கொப்பி கேட்டால் என்ன செய்வது என்று ‘பிறகு’வுக்குள் தள்ளினேன். அவ்வளவுதான். பிறகு மறந்தே போனேன்.

இப்போது அந்தக் கண் சரோஜினிதேவியின் முகத்தில் அளவெடுத்து வைத்தது போல உட்கார்ந்தது. எனக்கே புல்லரித்தது. மனம் குறுகுறுத்ததும் உண்மை. கண்தானே, கண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள்தானே, முகத்தையா எடுத்தேன் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். இடது கண்ணின் வெள்ளையில் சின்னக் கபில மச்சம் ஒன்று இருந்தது. அதைக் கவனமாகத் துடைத்து அழித்தேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாது பாருங்கள். அதில் மட்டும் புத்தி நன்றாக வேலை செய்தது.

செவ்வாய்க்கிழமை. மஞ்சள்.

12.02க்கு வெயிலில் வைத்தேன். 12.09க்கு எடுத்துக் கழுவினேன். மஞ்சள் மட்டும் பூசிய காகிதத்தில் முகம் ஒழுங்காகத் தெரியாது. வெளிறிய கறை போலத்தான் இருக்கும். அன்றும் முகம் அப்படித்தான் இருந்தது. கண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இடது கண்ணில் அந்த மச்சம்.

கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தேன். மச்சம் இல்லை. நெகட்டிவ்வைப் பார்த்தேன். அதிலும் இல்லை. காகிதத்தில் தூசு விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை. சிவப்பு.

சிவப்பு நெகட்டிவ்வை அச்செடுத்து, மஞ்சள் நெகட்டிவ்வின் மேல் வைத்துப் பொருத்தம் பார்த்தேன். மூக்கு பொருந்தியது. வாய் பொருந்தியது. காது, தலைமயிர் எல்லாம் பொருந்தின. கண் பொருந்தவில்லை. மஞ்சளில் கண் நேரே பார்த்தது. சிவப்பில் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. நான் உட்கார்ந்திருந்த பக்கம்.

பிரிண்டரைத் திட்டினேன். நல்லாகவே திட்டினேன். திரும்ப அச்செடுத்தேன். இந்த முறை கண் நேரே இருந்தது. சரி, மெஷின் பிழை என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேலையை முடித்தேன். கழுவிக் கொடியில் தொங்கவிட்டேன். 3.20க்குக் காகிதம் முழுக்கக் காய்ந்துவிட்டது. இரண்டு கண்ணும் மட்டும் ஈரம். ஒற்றி எடுத்தேன். 3.40க்குப் பார்த்தேன்... திரும்ப ஈரம். 4.15க்கு இடது கண்ணிலிருந்து ஒரு துளி இறங்கிக் கன்னத்தில் ஓடியது. நிறமில்லாத வெறும் தண்ணீர்.

அன்றே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேனே, சொன்ன சொல் தவறக்கூடாதே என்று நினைத்தேன். ராத்தாவுக்கும் ஒரு சொல் கொடுத்தேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால் வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டேன்.

வியாழக்கிழமை. நீலம்.

12.04க்குச் சட்டத்தை மாடியில் வைத்தேன். காற்று இல்லை. கொடியில் கிடந்த உடுப்பு அசையவில்லை. தெருவில்கூட ஒரு சத்தம் இல்லை. காலி வீதிப் பக்கம் மத்தியானத்தில் ஹோர்ன் சத்தம் இல்லாமல் இருக்குமா? அன்று இல்லாமல்தான் இருந்தது.

12.07. வேர்வை கழுத்தில் வழிந்தது. கண்ணாடிக்குள் நெகட்டிவ் சரியாக இருக்கிறதா என்று குனிந்தேன். நெகட்டிவ்வில் எல்லாம் தலைகீழ்தானே. கண் வெள்ளை கறுப்பாகத் தெரியும். கருமணி வெளிச்சமாகத் தெரியும். எத்தனையோ ஆயிரம் தரம் பார்த்தது. அன்று பார்க்கக் கூசியது.

12.09. கண்ணாடியில் என் நிழலுருவம் தெரிந்தது. பின்னால் வானம்.

12.10. என் தோளுக்குப் பின்னால் இன்னொரு உருவம்.

கறுப்பு உடுப்பு. கறுப்பு மாஸ்க்.

நான் அசையவில்லை. மாடிக் கதவை நான் மாடிப் பக்கத்தால் கொளுவிவிட்டுத்தான் வந்தனான்... யாரும் ஏறி வர ஏலாது.

அந்த உருவம் குனிந்தது. மெதுவாக. என் தோளுக்கு மேலால்.

மாஸ்க்குக்கு மேலே... கண் இல்லை. வெறும் தோல்.

இன்னும் குனிந்தது.

கண்ணாடிக்குள் அந்த முகம் நெகட்டிவ்வின் மேல் வந்து நின்றது. நெகட்டிவ்வின் கண் மாஸ்க்குக்கு மேலே போய்ப் பொருந்தியது. மயிரிழை பிசகவில்லை.

கறுப்புக் கண். வெளிச்சக் கருமணி.

என்னைப் பார்த்தது.

“தங்கச்சி...”

காதோரம். மூச்சுச் சூடு.

“அழிச்சீங்களா?”

12.11.

திரும்பினேன். யாரும் இல்லை. கதவு கொளுவியபடியே இருந்தது.

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. முகத்தைக் கழுவினேன். அந்தக் குரல் செத்த சரோஜினிதேவியுடையது அல்ல. அவர் குரலை நான் கேட்டதே இல்லை. இது எனக்குத் தெரிந்த குரல். உயிரோடு, இரண்டு ஒழுங்கை தள்ளி, அந்த நேரத்தில் சோறு ஆக்கிக்கொண்டிருக்க வேண்டிய மனுசியின் குரல். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

12.30க்கு மேலே போனேன். ஏழு நிமிடம் வைக்க வேண்டியது இருபத்தாறு நிமிடம் வெயிலில் கிடந்தது. நீலம் முழுதாக இறுகிப் படம் பாழாகியிருக்க வேண்டும். அப்படித்தான் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டே தண்ணீரில் போட்டேன். நீலம் அழகாகக் கரைந்தது. முகம் எழும்பி வந்தது. என் வாழ்க்கையில் அதைவிடத் திறமான படம் நான் செய்ததில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரை மணித்தியாலத்துக்கு முன் பயந்து ஓடியவள், படத்தைக் கண்டதும் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு நானே கொண்டு போனேன். காலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்திருந்தார்கள். படத்தைக் கண்டதும் சாம்பவி விழுந்து அழுதாள். சொந்தக்காரர் எல்லோரும் கண்ணைத்தான் மெச்சினார்கள். சரோஜினிதேவியின் தமக்கை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, தங்கச்சிக்குக் கண்ணில் மச்சம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது பெரியம்மா, நீங்கள் கவனிக்கவில்லை என்று சாம்பவி அடித்துச் சொன்னாள். ஒரே நாளில் அந்தப் பிள்ளை தன் தாயின் கண்ணை மறந்துவிட்டாள். மறக்க வைத்தது நான்.

மாலை போட்டார்கள். குத்துவிளக்கைக் கிட்டத்தில் வைத்தார்கள். ஐயர் கற்பூரத்தைக் கொளுத்திப் படத்துக்கு நேரே உயர்த்தினார்.

கண் சுருங்கியது.

யாரும் காணவில்லை. நான் கண்டேன். சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை 10.30க்கு லுத்பியா ராத்தா ஸ்டூடியோவுக்கு வந்தார். மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. இந்த முறை கதவை அவரே பூட்டினார்.

“தங்கச்சி, எண்ட படத்த அழிச்சீங்களா?”

மாடியில் கேட்ட அதே குரல்.

“அண்டைக்கே அழிச்சிட்டன் ராத்தா.”

நான்தான் சொன்னேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவர் நம்பினார். நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். யாரோ தன் படத்தை வைத்து ஏதோ செய்துவிட்டார்களோ என்று பயந்து வந்தாராம். அப்படி இல்லையென்றால் சரி என்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியான லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி, தொழுகைக்கு வுளூ செய்ய முகத்தில் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடினாராம். இருட்டுக்குப் பதிலாகச் சுட்டெரிக்கிற வெளிச்சம். அதற்குள் குனிந்து பார்க்கிற ஒரு பொம்பிளையின் முகம், யார் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து வேறு. கண்ணை மூடினால் ஒரு அறை. நீலச் சுவர். மூக்குக்குக் கிட்டத்தில் குத்துவிளக்கு. கழுத்தில் பூ. எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்து அம்மா, அம்மா என்று அழுகிறது. அசைய முடியவில்லை, முகத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணைத் திறந்தால்தான் தன் வீடு தெரிகிறது.

சாம்பவியின் வீட்டுச் சுவர் நீலம்.

இரண்டு இரவாக நித்திரை இல்லை என்றார். உம்ராவுக்கு இன்னும் ஐந்து கிழமை. புருசனிடம்கூடச் சொல்லவில்லை.

“தொழுதுட்டு துஆக் கேக்கக் கண்ண மூடினா வெளக்குத்தான் தெரியுது. இந்தக் கண்ணோட நான் எப்படி அங்க போவேன்? என்ன பாவம் செஞ்சேன் தங்கச்சி?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்கள் செய்யவில்லை, நான் செய்தேன். இவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்தது. வரவில்லை... நான் விடவில்லை. களைப்பாக இருக்கும், டொக்டரைப் பாருங்கோ என்றேன். போகும்போது அன்று பிடித்த அதே கையைப் பிடித்தார். நீங்கள் நல்ல மனுசி, அதனால்தான் உங்களிடம் சொன்னேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். படத்தில் சின்னத் திருத்தம் இருக்கிறது, இரண்டு நாளில் தருகிறேன் என்று சாம்பவியிடம் கேட்டேன். அவள் படத்துக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டு வைத்திருந்தாள். சாப்பிடுவதும் அங்கேதான்.

“அம்மா இப்பதான் வடிவா என்னைப் பாக்கிறா அக்கா. நான் தரமாட்டன்.”

அது உன் அம்மாவின் கண் இல்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். சொன்னால் என் பெயர் நாறும். அதுதான் காரணம். சுவரிலிருந்து படம் என்னையே பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினேன்.

அன்று மாலை 6.10க்கு ‘பிறகு’ ஃபோல்டரைத் திறந்து ராத்தாவின் படத்தை அழித்தேன். மூன்று நெகட்டிவ்வையும் துண்டு துண்டாக வெட்டினேன். அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். ராத்தா திரும்ப வரவில்லை. வராததால் சுகம்தான் என்று முடிவெடுத்தேன். இரண்டு ஒழுங்கைதானே தள்ளி, போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அந்தத் தெருவால் போவதையே விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், சஹ்லா என்று ஒரு பெண் வந்தாள். லுத்பியா ராத்தாவின் மகள்.

உம்மா மௌத்தாகி ஒரு மாதம் என்றாள். மாரடைப்பாம். உம்ராவுக்குப் போகவே இல்லை. என்ன சொல்லியும் போக மாட்டேன் என்று இருந்துவிட்டாராம். கடைசிக் காலத்தில் கண்ணை மூடப் பயந்து, இரவு முழுக்க விழித்தபடியே இருந்தாராம். இங்கே எடுத்த படங்களை அவரே கிழித்துப் போட்டுவிட்டார். வீட்டில் இருப்பதெல்லாம் பழைய, மங்கிய படங்கள். அழிக்கச் சொன்னதாக உம்மா சொன்னார், ஆனாலும் தற்செயலாக உங்களிடம் இருந்தால் தாருங்கள் என்று கேட்டாள்.

“உம்மாட இடது கண்ணில சின்ன மச்சம் ஒண்டு ஈக்கிம். அத இன்னொருக்காப் பாத்தாப் போதும்.”

வைத்திருக்க வேண்டாம் என்றபோது வைத்திருந்தேன். வேண்டும் என்று கேட்டபோது என்னிடம் இல்லை.

“இல்லை தங்கச்சி. அழிச்சிட்டன்.”

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. அதற்கு அவள் நன்றி சொன்னாள். உம்மா நம்பித் தந்த அமானிதத்தைக் காப்பாற்றினீர்கள் என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

கதவடியில் செருப்பைப் போடும்போது நின்றாள். இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது என்றாள்.

“ஜனாஸா குளிப்பாட்டக்குள்ள உம்மாட கண்ண மூடினோம். தொறந்திச்சு. மூணு தரம் மூடினோம், துணி கட்டிப் பாத்தோம். மூடவே இல்ல. அப்படியேதான் அடக்கினோம்.”

அவள் படியிறங்கிப் போனாள். நேரத்தைப் பார்த்தேன். ஆறு மணி.

ஃபோன் சத்தமிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைத்ததும் சாம்பவி எனக்கு ஒரு படம் அனுப்புவாள். அன்றும் அனுப்பியிருந்தாள். குத்துவிளக்கு, புது மாலை, அதற்கு நடுவே அந்தக் கண்கள். கீழே எழுதியிருந்தாள்: “அம்மா இப்ப ஒரு மாசமா இன்னும் உயிரோட இருக்கிற மாதிரி இருக்கு, அக்கா.”